சொந்தப் பெண்ணை எங்கே சேர்க்கிறீர்கள்?

மே 5

இந்த டைரியை இன்று கல்லூரியில் கொடுத்தார்கள். அட்டையில் சேர்மன் படம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சேர்மன் பொன்மொழி. தினமும் எந்த ஊருக்குப் போனோம், யார் வீட்டுக் கதவைத் தட்டினோம் என்று இதில் எழுதி, வாரக் கடைசியில் பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்த வெட்டிக் கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இதில் என் மனதில் பட்டதை எழுதப்போகிறேன்.

குழந்தைவேல், எம்.இ., இணைப் பேராசிரியர், மெக்கானிக்கல். பெயர்ப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. கோடை வந்தால் நான் ஆள் பிடிக்கிறவன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடாகத் தேடிப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று பல்லைக் காட்ட வேண்டும். ஆளுக்குப் பத்துத் தலை.

கூட்டத்தில் பிரின்சிபால் "நாம எல்லாம் ஒரு குடும்பம்" என்றார். அவர் இதைச் சொல்கிற வருஷமெல்லாம் யாருக்காவது வேலை போகும். போன வருஷம் மெக்கானிக்கலில் சேர்ந்த மாணவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அதே வேனில் வாத்தியார்கள் அடுத்த நடை போகலாம். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள். அத்தனை டாக்டரேட்டுகளும் வரிசையில் நின்று வாங்கின. நானும் வாங்கினேன்.

மே 8

ரிசல்ட். தாரிணிக்குக் கட் ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றொன்று. என் மகள்தான். செல்வநாயகி அழுதாள், பிறகு பாயசம் வைத்தாள்.

காலையிலிருந்து போன். எட்டு வருஷமாகப் பேசாத பங்காளியெல்லாம் பேசுகிறான். ஒருவனுக்கும் வாழ்த்துச் சொல்லும் நோக்கம் இல்லை. தன் பிள்ளையைவிடக் கூடவா குறைவா என்று தெரிந்தாக வேண்டும். கூட என்றதும் "அப்படீங்களா" என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பைக் கேட்கவே இன்னும் நாலு பேருக்கு நானாகப் போன் போட்டேன்.

சாயங்காலம் தாரிணி வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் மெக்கானிக்கல் எடுக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா பாப்பா? ஒலகமே கம்ப்யூட்டர் பக்கம் ஓடுது. அந்தப் படிப்பு செத்துப்போச்சு."

"நீங்க அதைத்தானப்பா நடத்தறீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். போன மாதம் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்று செல்வநாயகி புலம்பியபோது, இந்தப் பெண் அதைப் பிரித்துப் போட்டு, பேரிங்கை மாற்றி, திரும்ப மாட்டி ஓடவும் வைத்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே திட்டி அந்த ஸ்பானரைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

மே 14

ஆள் பிடிப்பு ஆரம்பம். துணைக்குப் பிரதாபன். சிவில் டிபார்ட்மென்ட், கல்யாணமாகாத பையன், தலையில் எண்ணெயும் வாயில் பொய்யும் வழியும். சங்ககிரிப் பக்கம் போனோம். முதல் வீட்டில் எங்களைத் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவர்கள் என்று நினைத்து, "எங்கூட்ல ஏற்கெனவே இருக்குதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பிரதாபன் சிரிக்கிறான். வெட்கம் என்ற ஒன்றை இவன் பிறக்கும்போதே விட்டுவிட்டு வந்திருப்பான் போல.

அடுத்த வீடுகளில் நானே பேசினேன். எனக்கு மனப்பாடம். "பஸ்ஸு வாசலுக்கே வருமுங்க. பொம்பளப் புள்ள உங்க கண்ணு முன்னாடியே இருக்கும். வாத்தியாருங்க அத்தன பேரும் சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குவோம். நாலாவது வருசம் கம்பெனிக்காரன் காலேஜுக்கே வந்து வேலை குடுத்துட்டுப் போவானுங்க."

எந்தக் கம்பெனி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் நாலு வருஷத்தை யாரோ இரண்டு பேரிடம் கொடுக்கப் போகிறார்கள், கேட்கிற கேள்வியோ "ஹாஸ்டல்ல வாரத்துக்கு எத்தன நாள் சிக்கனுங்க?" கத்தரிக்காய் வாங்கும்போதுகூட இவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

மே 20

நாளெல்லாம் டீ. ஒரு தலை தேறவில்லை.

மே 23

பள்ளிபாளையம். நல்லசிவம் என்பவர் வீடு. கீழே தறிப்பட்டறை, மேலே குடித்தனம். தறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. பெண் பெயர் மௌனிகா, கட் ஆஃப் நூற்று அறுபத்தெட்டு. ஒழுங்காகக் கவுன்சலிங்கில் போனால் ஏதாவது ஓர் அரசுக் கல்லூரியே கிடைக்கும். இவர்களுக்கு அது தெரியாது. தெரியாததுதான் எங்கள் பிழைப்பு.

நல்லசிவம் மற்றவர்கள் மாதிரி இல்லை. சிக்கனைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சார், உங்களுக்கும் பிளஸ் டூ முடிச்ச பொண்ணு இருக்குதுன்னு சொன்னீங்க. அதை எங்க சேத்தறீங்க?"

பிரதாபன் என்னைப் பார்த்தான். கீழே தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்க காலேஜ்லயே தானுங்க. நம்ம மெக்கானிக்கல்தான்" என்றேன்.

அந்த மனிதர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னுங்க. வாத்தியாரே சொந்தப் பொண்ணச் சேத்தறாருன்னா நாங்க என்ன கேக்கோணும்" என்று அங்கேயே பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் பாவம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

மே 29

அந்த ஒரு வாக்கியம் சாவி மாதிரி வேலை செய்கிறது. போகிற வீடெல்லாம் திறக்கிறது. இப்போது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிரதாபன் தனக்கும் ஒரு தங்கையை உண்டாக்கிக்கொண்டான். அவளும் எங்கள் கல்லூரியில்தான் சேரப்போகிறாளாம். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

ஜூன் 4

தாரிணியைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கிற அரசுக் கல்லூரியை ஒருமுறை பார்த்துவிட்டால் மெக்கானிக்கல் பித்து தெளியும் என்பது என் திட்டம். பழைய கட்டடம், பழைய மரம், விடுமுறைக் காலத்துக் குப்பை. எங்கள் கல்லூரியில் என்றால் இந்நேரம் கிரானைட் போட்டு நடுவில் நீரூற்று வைத்திருப்பார்கள், அடியில் கல்லூரி இருக்காது என்பது வேறு விஷயம்.

ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் ஒரு லேத்தை ஓட்டிக் காட்டினார். இவள் ஒன்று கேட்க, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் குனிந்து கியர் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்ட கேள்விகளை என் மூன்றாம் வருஷத்துப் பையன்கள் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன், "இங்க கெடச்சா படிச்சுத் தொலை."

"நெசமாவாப்பா?"

"எத்தன தடவ சொல்றது."

ஈரோடு வருகிறவரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவள் என்னிடம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போன வருஷம் இதே மாதிரி கட் ஆஃப் இருந்தவர்களுக்கு அங்கே கிடைத்திருக்கிறது. கிடைத்துவிடும்.

ஜூன் 12

பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். அந்த ஆள் காபி கொடுத்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"என்ன சார், இவ்வளவு நல்ல விஷயத்த எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றார். நல்லசிவம் நேற்றுக் கல்லூரியைப் பார்க்க வந்திருக்கிறார். வந்த மனிதர் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? வாத்தியார் மகளும் சேருகிறாளே என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறார். விஷயம் சேர்மன் காது வரைக்கும் போய், அவர் சந்தோஷத்தில் குதிக்கிறாராம். ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம்.

"இன்னும் முடிவு பண்ணல சார்" என்றேன்.

"முடிவு பண்ணலையா? அப்ப அத்தன பேர்கிட்டயும் பொய்யா சொன்னீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "பாருங்க குழந்தைவேல், உங்க டிபார்ட்மென்ட்ல இந்த வருஷம் ஒருத்தர நிறுத்தச் சொல்லிருக்காங்க. சேர்மன் உங்க பேர எடுத்தாரு. நான்தான், அவர் சொந்தப் பொண்ணையே நம்மகிட்ட குடுக்கறவருன்னு சொல்லி வெச்சேன். உங்க பொண்ணு போட்டோ ஒண்ணு அனுப்பிடுங்க."

யோசிக்கிறேன் சார் என்று சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டு வந்தேன். போட்டோவை மட்டும் அனுப்பினேன். அப்போதைக்கு வாயை அடைக்க வேண்டுமே.

ஜூன் 16

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் என் பெண் தொங்குகிறாள். ஒரு பக்கம் சேர்மன், ஒரு பக்கம் தாரிணி, நடுவில் 'எங்கள் பேராசிரியரின் மகளே எங்கள் மாணவி'. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ. அதற்கு லிப்ஸ்டிக் வேறு பூசியிருக்கிறான் ஃப்ளெக்ஸ்காரன்.

செல்வநாயகி டவுன் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எம்புள்ள மூஞ்சி எதுக்குங்க பஸ் ஸ்டாண்டுல தொங்குது?"

சொன்னேன். வேலை விஷயத்தையும் சொன்னேன். "அந்த வேலை போனாப் போகுதுன்னு விட்டுப்போட்டு வாங்க. எங்கண்ணன்கிட்டச் சொல்லி ஏதாவது பாத்துக்கலாம்" என்றாள்.

அவள் அண்ணனுக்கு நாமக்கல்லில் கோழித் தீவனக் கடை. எம்.இ. படித்த நான் மூட்டை எண்ண வேண்டுமாம். படிக்காதவர்களுக்கு எல்லாமே சுலபம்.

தாரிணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூன் 24

நிதானமாக யோசித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எங்கள் கல்லூரியை நானே கொஞ்சம் அதிகமாக மட்டம் தட்டிவிட்டேனோ என்னவோ. லேப் அப்படியொன்றும் மோசமில்லை, இரண்டு மிஷின் ஓடுகிறது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தண்ணீர் எப்படியோ, சாப்பாடு எப்படியோ. இங்கே என்றால் பஸ் வாசலுக்கே வருகிறது. பெண் கண் முன்னால் இருப்பாள். பாடம் நடத்துவதும் நானே. வேறு எந்தக் கல்லூரியிலாவது வாத்தியார் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாரா?

படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 3

நல்லசிவம் போன். இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போய் வந்தால் நல்லது, துணையாக இருக்கும் என்கிறார். எந்த நேரத்தில் எந்த ஸ்டாப் என்பது வரைக்கும் பேசுகிறார். மௌனிகா தாரிணியிடம் பேச வேண்டும் என்றதும் போனைக் கொடுத்துவிட்டு நான் பல் விளக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது பேசி முடித்திருந்தாள்.

"அந்தப் புள்ள, நான் வர்றேன்னுதான் அவங்கப்பா ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுது. நான் அங்க வர்றேன்னு அவங்க வீட்லயும் போய்ச் சொன்னீங்களாப்பா?"

"அதெல்லாம் அந்த நேரத்துக்குச் சொல்றது பாப்பா."

என்னையே பார்த்தாள். பிறகு போனைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பதினேழு வயதில் இவ்வளவு நிதானம் ஆகாது.

ஜூலை 15

இன்று காலை சாய்ஸ் ஃபில்லிங். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட வேண்டும். கட் ஆஃபுக்கு எட்டுவதில் எது மேலே இருக்கிறதோ அது கிடைக்கும். அதனால் வரிசைதான் எல்லாம். லாக் செய்துவிட்டால் மாற்ற முடியாது. ஊரில் பாதிப் பேர் இதைப் பிரவுசிங் சென்டர்காரனிடம் விட்டுவிட்டு வெளியே நின்று பஜ்ஜி தின்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாரிணி முதலில் கோயம்புத்தூர் மெக்கானிக்கல் போட்டாள். கீழே சேலம், ஈரோடு என்று போட்டுக்கொண்டே போனாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, உங்க வேலை போயிருமா?"

"அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவோம்."

"போயிருமான்னுதான் கேட்டேன்."

"போயிரும் போலத்தான் இருக்குது."

அவள் எங்கள் கல்லூரியின் நம்பரைத் தேடினாள். மெக்கானிக்கல். அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் வைத்தாள். கோயம்புத்தூர் இரண்டாவதாக இறங்கியது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"லாக் பண்ணட்டுங்களா?"

செல்வநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரிணி அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போல உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் பட்டனை அழுத்தினாள். என் போனில் ஓடிபி வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.

ஜூலை 17

முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது. பங்காளிகள் போன் போட்டு, "மொத சாய்ஸேவா! குடுத்து வெச்சவங்க நீங்க" என்கிறார்கள். மடையர்கள். பிரின்சிபால் அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். யாரும் பிரிக்கவில்லை. நான்தான் சாயங்காலம் ஒன்று எடுத்துத் தின்றேன்.

ஜூலை 21

மெக்கானிக்கலில் நிறுத்தப்பட்டவர் ரங்கபாஷ்யம். எனக்கு மூன்று வருஷம் ஜூனியர். ஆள் பிடிக்கத் தெரியாத மனிதர். வீட்டில் இதைச் சொன்னேன். செல்வநாயகி, "சரிங்க" என்றாள். ஒரு மாதமாக அவள் என்னிடம் பேசுகிற ஒரே வார்த்தை அதுதான்.

ஆகஸ்ட் 10

இன்று ஞாயிறு. காலையில் வாசலில் மொபெட் சத்தம். பார்த்தால் நல்லசிவம், ஒரு தார் வாழைப்பழத்தோடு. மனிதர் உள்ளே வந்ததும் வராததுமாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க சார். மௌனிகாவுக்குப் பர்கூர் கெவருமென்ட் காலேஜ் கெடச்சிருச்சுங்க. ரெண்டாவது ரவுண்டுல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கல்லூரியில் சேருகிற பெண் அல்லவா? வந்த பத்துத் தலையில் இது ஒன்று.

"உங்க பொண்ணு போன் பண்ணுச்சுங்க. எங்க காலேஜ் வேண்டாம் மௌனி, உன்ற மார்க்குக்குக் கெவருமென்டே கெடைக்கும், இந்த வரிசைல போடுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்துச்சுங்க. எனக்கு நம்பிக்கை வரல. ஏம்மா, உங்கப்பா வேற மாதிரியில்ல சொன்னாருன்னு கேட்டேன். எங்கப்பாதானுங்க உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு, காலேஜ் வேலைல இருந்துட்டு அவரு வாயால சொல்ல முடியாதுன்னுச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "சொந்தப் பொண்ண அங்க சேத்திப்போட்டு, எம்பொண்ணுக்கு நல்ல வழி காட்டுனீங்களே. பெரிய மனசுங்க உங்களுக்கு."

தாரிணி அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இன்னும் என் கையை விடவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"ஆமாங்க. அதனால என்னுங்க" என்றேன்.

அவர் போன பிறகு தாரிணி பழத்தாரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"எதுக்கு எம்பேரைச் சொன்னே?"

"நான் சொன்னா அவரு நம்ப மாட்டாருங்கப்பா. நீங்க சொன்னா நம்புவாரு." ஒவ்வொரு சீப்பாக அறுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "அவங்க பொண்ணுக்கு வேண்டாம்னு நீங்க சொன்னதா இருக்கட்டும். எனக்கும் சொல்வீங்கன்னு அன்னைக்கு ரொம்ப நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

அந்தச் சமையலறையில் நிற்க முடியவில்லை. நிற்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில், ஒரு பழம் கொடு என்று கேட்டேன். கொடுத்தாள்.

நாளை முதலாம் ஆண்டுக்கு வகுப்பு ஆரம்பம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் நான்தான் எடுக்கிறேன்.